தோட்டத்தைத் தோண்டும் நாய்: கடலூர், புதுச்சேரி வீடுகளுக்கான கேள்வி பதில்கள்

சித்திரை பிறந்தால் போதும், மஞ்சக்குப்பத்திலிருந்து லாஸ்பேட்டை வரை நாய் வளர்க்கும் வீடுகளில் ஒரே புலம்பல்தான். நேற்று வைத்த செம்பருத்தி இன்று வேரோடு வெளியே கிடக்கும், தென்னம்பாத்தியில் முழங்கால் ஆழத்துக்குப் பள்ளம் இருக்கும். தெரிந்தவர்களும் அக்கம்பக்கத்தாரும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே எழுதி வைக்கிறேன். தோண்டுவதை நிறுத்த வழி தேடுவதற்கு முன்னால், எதற்காகத் தோண்டுகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். அதைக் கண்டுபிடித்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

எங்கள் நாய் ஏன் தோண்டுகிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

குழியைப் பாருங்கள். எந்த இடத்தில், எந்த நேரத்தில், என்ன வடிவத்தில் தோண்டியிருக்கிறது என்று கவனித்தால் காரணம் தெரிந்துவிடும்.

வட்டமாக, ஆழமில்லாமல், நாயின் உடம்பு அளவுக்கு ஒரு பள்ளம் இருந்து, அதிலேயே வயிற்றைப் பதித்துப் படுத்திருந்தால் அது சூட்டுக்காகப் பறித்தது. மூக்கை மண்ணோடு வைத்து உறிஞ்சிக்கொண்டே, ஒரு தடத்தைப் பிடித்தபடி நீளமாகத் தோண்டிக்கொண்டு போனால் மண்ணுக்கடியில் எலியோ பெருச்சாளியோ வண்டுப்புழுவோ இருக்கிறது. சுவரோரம், கேட்டுக்கு அடியில் என்றால் வெளியே போகப் பார்க்கிறது. சின்னக் குழியாகத் தோண்டி, எலும்பை வைத்து, மூக்கால் மண்ணைத் தள்ளி மூடினால் அது சேமித்து வைக்கும் பழக்கம். இன்னும் ஒரு வகை உண்டு. நீங்கள் வேலைக்குப் போன பிறகு, ஒரு இடம் என்றில்லாமல் தோட்டம் முழுக்கக் கொத்திப் போட்டது மாதிரி இருக்கும். அது பொழுது போகாத நாய், அல்லது தனியாக இருக்கப் பயப்படும் நாய்.

ஒரே நாய்க்கு இரண்டு காரணங்கள் சேர்ந்தும் இருக்கலாம். ஒரு வாரம் கவனித்துவிட்டு முடிவுக்கு வாருங்கள். வேலைக்குப் போகிறவர்கள் பழைய கைபேசியை ஜன்னலில் வைத்துப் படம் பிடித்தால்கூடப் போதும்.

தண்ணீர் ஊற்றும் இடத்தை மட்டும் தேடிப்போய்த் தோண்டுகிறதே?

நம் கடலோரத்தில் நான் பார்த்த வரை அதிகமாக இருக்கும் காரணம் இதுதான், சூடு. நாய்க்கு மனிதனைப்போல உடம்பெல்லாம் வியர்க்காது, பாதத்தில் கொஞ்சம் வியர்க்கும், அவ்வளவுதான். நாக்கைத் தொங்கவிட்டு இரைப்பதன் மூலம் ஈரம் ஆவியாகி, அதனால்தான் உடம்பு தணிகிறது. கடலூரிலும் புதுச்சேரியிலும் காற்றிலேயே ஈரம் அதிகம், அதனால் அந்த ஆவியாதல் சரியாக நடக்காது. வெயிலின் அளவு உள்மாவட்டங்களைவிடக் குறைவாக இருக்கும் நாளிலும் இங்கே நாய் திணறுவது அதனால்தான். கடற்காற்று மதியத்துக்கு மேல் தாமதமாக வரும் நாட்களில் இன்னும் மோசம்.

அதற்கு நாய் கண்டுபிடித்திருக்கும் வழி நல்ல வழி. மேல்மணல் கொதித்தாலும் ஒரு சாண் ஆழத்தில் மண் குளிர்ச்சியாக இருக்கும். தென்னம்பாத்தி, துவைக்கிற கல்லுக்குப் பக்கம், வாழைக்குத் தண்ணீர் போகும் வாய்க்கால், காலையில் கோலத்துக்காகத் தெளித்த வாசல், இவை எல்லாம் ஈரமான இடங்கள். முடி குறைவாக உள்ள அடிவயிற்றை அங்கே பதித்துப் படுத்தால் உடம்புச் சூடு மண்ணுக்கு இறங்கிவிடும். நாய் செய்வது குறும்பு இல்லை, தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறது. அந்தக் குழியை மூடிவிட்டு வேறு ஏற்பாடு எதுவும் செய்யாமல் விடுவது அதற்குச் செய்யும் கொடுமை.

அப்படியானால் என்ன ஏற்பாடு செய்வது?

முதலில் நிழல். 2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயல் கரையைக் கடந்தபோது இந்தப் பக்கத்தில் எத்தனையோ மாவும் பலாவும் வேம்பும் விழுந்தன. அதற்குப் பிறகு மரம் வைக்காமல் சிமெண்ட் தளம் போட்ட வீடுகள் பல உண்டு. அப்படிப்பட்ட வீட்டில் நாய்க்கு இருக்கும் ஒரே குளிர்ந்த இடம் உங்கள் பூச்செடிப் பாத்திதான். ஒரு கீற்றுப் பந்தல் போட்டுக் கொடுங்கள். தகரத்திலோ ஆஸ்பெஸ்டாஸ் தகட்டிலோ கூரை போட்ட நாய்க்கூண்டை மதியம் கையால் தொட்டுப் பாருங்கள், நாய் ஏன் அதற்குள் போக மாட்டேன் என்கிறது என்று புரியும்.

அடுத்தது தண்ணீர். ஒரு கிண்ணம் போதாது. நிழலில் இரண்டு இடங்களில், கவிழ்க்க முடியாத சிமெண்ட் தொட்டியிலோ அகலமான மண்சட்டியிலோ வையுங்கள். டெங்குக் கொசு முட்டையிடாமல் இருக்க தினமும் கொட்டிக் கழுவி நிரப்ப வேண்டும். நனைத்துப் பிழிந்த கோணிச் சாக்கைப் பந்தலுக்கு அடியில் விரித்தால் பல நாய்கள் குழியை மறந்துவிடும். காலை 11 மணியிலிருந்து 4 மணி வரை வீட்டுக்குள் விட முடிந்தால் அதைவிட நல்லது வேறில்லை. சிவப்பு ஆக்சைடு தரையில் ஒரு மின்விசிறிக்கு அடியில் படுத்துக்கொள்ளும், உங்கள் தோட்டமும் பிழைக்கும்.

ஒரு எச்சரிக்கை. நாயின் இயல்பான உடல் வெப்பம் ஏறக்குறைய 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். குழியில் படுத்தும் இரைப்பு அடங்கவில்லை, எச்சில் கெட்டியாக ஒழுகுகிறது, ஈறு அடர்சிவப்பாக இருக்கிறது, எழுந்தால் தள்ளாடுகிறது என்றால் வெயில் தாக்கிவிட்டது. உடம்பு முழுக்கக் குழாய்த் தண்ணீரை ஊற்றி, காற்று படும்படி வைத்து, அப்படியே மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். கொஞ்சம் தேறியதுபோல் தெரிந்தாலும் காட்டிவிடுங்கள்.

மழை முடிந்தபின் தோண்டுவது அதிகமாகிறது. வெயிலே இல்லையே?

அது எலி. ஐப்பசி, கார்த்திகையில் மழை வெளுத்து வாங்கும்போது வளைகளில் தண்ணீர் ஏறி, எலியும் பெருச்சாளியும் மேடான இடத்துக்கு வரும். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது கொட்டிய மழை பலருக்கு நினைவிருக்கும். கெடிலம், தென்பெண்ணைக் கரையோரம் இருப்பவர்களுக்கு வெள்ளம் வடிந்ததும் வீட்டைச் சுற்றிப் புது வளைகள் வருவது பழகிப்போன விஷயம். மழையில் இளகிய மணலில் தோண்டுவதும் நாய்க்குச் சுலபம்.

இந்தத் தோண்டலை மட்டும் நான் விளையாட்டாக எடுத்துக்கொள்வதே இல்லை. காரணம் பாம்பு. எலி இருக்கும் வளைக்கு நல்ல பாம்பும் கண்ணாடி விரியனும் வரும். வளைக்குள் மூக்கை விட்ட நாய்க்குக் கடி முகத்தில்தான் விழும். மூக்கோ உதடோ திடீரென்று வீங்கினால், கண் இமை தொங்கினால், பின்கால் துவண்டால், எச்சிலில் அல்லது சிறுநீரில் ரத்தம் தெரிந்தால் பாம்புக்கடி என்றே நினைத்துக்கொண்டு கிளம்புங்கள். கடித்த இடத்தைக் கீறுவது, கட்டுப் போடுவது, பச்சிலை அரைத்துப் பூசுவது எதுவும் வேண்டாம். நாயை நடக்கவிடாமல் தூக்கிக்கொண்டு போங்கள். மனிதருக்குப் போடும் அதே பாம்பு விஷமுறிவு மருந்துதான் நாய்க்கும். எல்லா இடத்திலும் இருப்பில் இருக்காது, போகும் வழியிலேயே போன் செய்து கேட்டுவிடுங்கள். புதுச்சேரி குரும்பாபேட்டில் ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. வில்லியனூர், உழவர்கரை பக்கம் இருப்பவர்கள் அதன் எண்ணை இப்போதே கைபேசியில் போட்டு வைப்பது நல்லது.

எலியை எப்படி ஒழிப்பது என்று கேட்பீர்கள். கூண்டுப் பொறி வையுங்கள். கோழித் தீவனம், நெல், காய்ந்த தேங்காய், கீழே விழுந்த பழம் இவற்றை இரவில் வெளியே விடாதீர்கள். பழைய செங்கல், ஓலைக் குவியலை அப்புறப்படுத்துங்கள். எலி விஷம் மட்டும் கூடவே கூடாது. விஷம் தின்ற எலியை நாய் தின்றாலும் ஆபத்து, விஷத்தை நேராகத் தோண்டித் தின்றாலும் ஆபத்து. மஞ்சள் பாஸ்பரஸ் உள்ள எலிப்பசை கல்லீரலை அழித்துவிடும்.

ரோஜாவுக்கு அடியில் மீன் கழிவு புதைத்தேன். மூன்றாவது முறையாகத் தோண்டிவிட்டது!

நாயைக் குறை சொல்ல முடியாது. துறைமுகத்துச் சந்தையில் வாங்கிய மத்தித் தலையையும் இறால் தோலையும் செடிக்கு அடியில் புதைப்பது நம் ஊர் வழக்கம், செடிக்கும் நல்லதுதான். ஆனால் நாய் வீட்டில் அது நடக்காது. ஓர் அடி ஆழத்தில் இருந்தாலும் மோப்பம் பிடித்துவிடும். தோண்டித் தின்ற மீன்முள் தொண்டையிலும் குடலிலும் சிக்கும். மீன் கழிவை மூடியுள்ள டிரம்மில் வெல்லம் போட்டு மீன் அமிலமாக்கி, நன்றாகத் தண்ணீர் கலந்து ஊற்றுங்கள். அதிலும் வாசனை இருக்கும், ஊற்றிய இரண்டு நாள் நாயை அந்தப் பக்கம் விடாதீர்கள். எலும்புத்தூள் உரத்துக்கும் கடலைப் புண்ணாக்குக்கும் இதே கதைதான்.

ஆமணக்குப் புண்ணாக்கைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். உரக்கடையில் சாதாரணமாகக் கிடைக்கும், நாய்க்கு அதன் வாசனை பிடிக்கும். அதில் ரிசின் என்ற கொடிய நஞ்சு இருக்கக்கூடும். தின்ற நாய் வாந்தியும் ரத்தப்போக்குமாகச் சில நாட்களில் இறந்துபோகலாம். நாய் உள்ள வீட்டில் அந்த மூட்டையே இருக்கக் கூடாது. வேப்பம் புண்ணாக்கு போடுங்கள், கசப்பால் பெரும்பாலும் நாய் சீண்டாது. அரளிச் செடியையும் தோண்டவிடாதீர்கள். வேர் முதல் பூ வரை அத்தனையும் விஷம்.

மிளகாய்த்தூள், பினாயில், அந்துருண்டை போட்டால் வராது என்கிறார்களே?

மூன்றும் வேண்டாம். மிளகாய்த்தூள் மூக்கையும் கண்ணையும் எரித்து நாயை வதைக்கும், ஒரு மழைக்குக் கரைந்தும் போகும். பினாயிலில் மிதித்த பாதத்தை நாய் நக்கும், அது உள்ளே போகும். அந்துருண்டையைக் கடித்து விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. செடியைக் காப்பாற்ற வேண்டுமென்றால் நாயால் நகர்த்த முடியாத பெரிய கூழாங்கற்களை அடிமரத்தைச் சுற்றி அடுக்குங்கள். புது நாற்றுக்குக் கம்பிவலைக் கூடு போடுங்கள். ரோஜாக் கிளைகளை வெட்டிப் பாத்தியில் பரப்புகிறவர்களும் உண்டு. அந்த முள் பாதத்தில் ஏறும், எனக்கு அது பிடிக்காது.

அடித்தால் திருந்துமா?

திருந்தாது. நாய் ஒரு செயலையும் அதன் பலனையும் சில விநாடிகளுக்குள் நடந்தால்தான் சேர்த்துப் பார்க்கும். மாலையில் வீட்டுக்கு வந்து, காலையில் தோண்டிய குழிக்கு இழுத்துக்கொண்டு போய் மூக்கைத் தேய்த்தால், நீங்கள் வீட்டுக்கு வந்தாலே அடி விழும் என்றுதான் அது கற்றுக்கொள்ளும். தலை குனிவதும் வாலை ஒடுக்குவதும் தப்பை உணர்ந்ததால் அல்ல, உங்கள் முகத்தைப் பார்த்துப் பயந்ததால். தோண்டும்போதே பார்த்துவிட்டால் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள், வந்ததும் பாராட்டுங்கள், தோண்டலாம் என்று நீங்கள் ஒதுக்கிய இடத்துக்குக் கூட்டிப் போங்கள். வீட்டில் எல்லோரும் இதையே செய்ய வேண்டும். அப்பா அடிப்பார், பாட்டி பிஸ்கட் கொடுப்பார் என்றால் நாய் குழம்பிப்போகும்.

தோண்டுவதற்கென்று ஒரு இடமா? அது எப்படி?

சில நாய்கள் எவ்வளவு செய்தாலும் தோண்டவே செய்யும். அவற்றுக்கு ஒரு மணல் குழி கட்டிக் கொடுப்பதுதான் நான் கண்டதில் சிறந்த வழி. லாப்ரடார் அளவு நாய்க்கு 5 அடிக்கு 4 அடி, ஒன்றரை அடி ஆழம் போதும். மர நிழலில், செடிகளிலிருந்து தள்ளி எடுங்கள். சுற்றி ஒரு வரிசை செங்கல் வைத்தால் இதுதான் எல்லை என்று நாய்க்குத் தெரியும். கடலோரத் தெருக்களில் தோட்டத்து மண்ணே மணல்தான், வெளியிலிருந்து வாங்க வேண்டியதில்லை. கேப்பர் மலை, காலாப்பட்டு பக்கத்துச் செம்மண் காய்ந்தால் இறுகிவிடும், அங்கே மணல் கலக்க வேண்டும். எம்-சாண்ட் கூர்மையும் தூசியுமாக இருக்கும், தவிர்த்துவிடுங்கள். கடற்கரை மணலை அள்ளி வரக் கூடாது.

அப்புறம் பழக்குவது. முதல் நாள் நாய் பார்க்கும்போதே ஒரு ரப்பர் பந்தையோ கேரட்டையோ அரைகுறையாகப் புதையுங்கள். நீங்களும் கையால் கொஞ்சம் கிளறுங்கள். எடுத்ததும் கொண்டாடுங்கள். அடுத்தடுத்த நாட்களில் ஆழமாக, அது பார்க்காதபோது புதையுங்கள். வேறு எங்கே தோண்டினாலும் ஒன்றும் கிடைக்காது, இங்கே தோண்டினால் எப்போதும் ஏதாவது இருக்கும் என்று தெரிந்ததும் கால் தானாக இங்கேதான் வரும். கோடையில் மணலை நனைத்து வைத்தால் படுக்கும் குழியும் அதுவே ஆகிவிடும். இரவில் மூடி வையுங்கள், இல்லாவிட்டால் தெருப்பூனைகள் கழிப்பிடமாக்கிவிடும்.

நாங்கள் இருவரும் வேலைக்குப் போகிறோம். பகல் முழுக்கத் தனியாக இருக்கிறது.

கட்டிப்போட்டுவிட்டுப் போவது தீர்வு ஆகாது. காலையில் கிளம்பும் முன் அரை மணி நேரமாவது நடக்க வையுங்கள், வேகமாக இழுத்துக்கொண்டு போகாமல் நின்று நின்று மோந்து பார்க்க விடுங்கள். மோப்பம் பிடிப்பதும் அதற்கு நல்ல களைப்பைத் தரும். சோற்றைத் தட்டில் கொட்டாமல், ஒரு பங்கை உலர் தீவனமாகத் தோட்டத்துத் தரையில் தூவித் தேட வைக்கலாம்.

தேவனாம்பட்டினம் கடற்கரைக்கு விடியற்காலை கூட்டிப்போய் ஆசை தீரத் தோண்ட விடுகிறவர்கள் உண்டு. நல்ல விஷயம்தான், கயிற்றோடு. வலையிலிருந்து ஒதுக்கிப் போட்ட பேத்தை மீன் மணலில் காய்ந்து கிடக்கும், அதன் நஞ்சுக்கு முறிமருந்து கிடையாது. தூண்டில் முள்ளும் கிடக்கும். வாயில் எதையாவது எடுத்தால் உடனே பிடுங்குங்கள்.

நீங்கள் கிளம்பினாலே ஊளையிட்டு, கதவைப் பிராண்டி, நகம் கிழிய ரத்தம் வரத் தோண்டினால் அது சலிப்பு அல்ல, பிரிவுப் பயம். கால்நடை மருத்துவரிடம் பேசுங்கள்.

காம்பவுண்டு சுவருக்கு அடியில் தோண்டி ஓடிவிடுகிறது.

கடுவனாக இருந்தால், தெருவில் ஏதோ பெட்டை நாய் பருவத்துக்கு வந்திருக்கும். கருத்தடை செய்தால் இந்த அலைச்சல் பெரும்பாலும் குறையும். தீபாவளி வெடிக்கும் இடிக்கும் பயந்து ஓடுவது வேறு. அந்த நாட்களில் வீட்டுக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

மணல் பூமியில் சுவரோரம் தோண்டினால் மழையில் அடிமண் அரித்து ஓடும், அதனால் சும்மா விடவும் முடியாது. சுவரை ஒட்டி ஒன்றரை அடி ஆழத்துக்குக் கடப்பாக்கல் பலகையைச் செங்குத்தாக இறக்குவது நிரந்தர வழி. செலவு குறைய வேண்டுமென்றால் கம்பிவலையைத் தோட்டத்துப் பக்கம் மடக்கிப் புதைக்கலாம். ஆனால் உப்புக்காற்றில் வெறும் இரும்பு வலை சீக்கிரம் துருப்பிடித்து, அதன் முனை காலைக் கிழிக்கும். பிளாஸ்டிக் உறை போட்ட வலையாக வாங்குங்கள்.

எர்த் குழியைத் தோண்டிவிட்டது. பரவாயில்லையா?

இல்லை, இன்றே சரி செய்யுங்கள். உப்பும் கரியும் போட்டுத் தண்ணீர் ஊற்றும் இடம் என்பதால் எப்போதும் ஈரமாக இருக்கும், நாய் தேடிப் போகும். எர்த் கம்பி அறுந்தால் வீட்டில் மின்கசிவு வரும்போது உயிருக்குப் பாதுகாப்பு இருக்காது. எலக்ட்ரீஷியனை வைத்துச் சோதித்து, மேலே சிமெண்ட் மூடி போடுங்கள். போர் மோட்டாருக்குப் போகும் ஒயர் குழாய் இல்லாமல் வெறுமனே புதைத்திருந்தால் அதையும் மாற்றச் சொல்லுங்கள்.

எங்கள் பெட்டை நாய் இதுவரை தோண்டியதே இல்லை. திடீரென்று மாடிப்படிக்கு அடியில் பறிக்கிறது.

சினையாக இருக்கலாம். சினைக்காலம் சுமார் 63 நாள். குட்டி போடும் நாள் நெருங்கும்போது இடம் தயார் செய்யும். அமைதியான மூலையில் பழைய புடவை விரித்த பெட்டி வைத்தால் அங்கே மாறிக்கொள்ளும். சேர்க்கையே நடக்காவிட்டாலும், பருவம் முடிந்து இரண்டு மாதத்துக்குள் பொய்ச்சினை வந்து இப்படிச் செய்வதுண்டு.

தோண்டாத இனம் எது?

அப்படி ஒன்று இல்லை. டாஷ்ஹண்டும் டெரியர் வகைகளும் வளைக்குள் இருக்கும் பிராணியைப் பிடிக்கவென்றே வளர்க்கப்பட்டவை, அதிகம் தோண்டும். சிப்பிப்பாறை, ராஜபாளையம் ஓடும் நாய்கள், ஓட இடமில்லாவிட்டால் தோண்டும். ஹஸ்கி போன்ற பனிநாட்டு நாயை இந்தப் புழுக்கத்துக்குக் கொண்டு வராதீர்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

தெருநாய்கள் வீடு கட்டக் கொட்டிய மணலில் குழி பறித்துப் படுக்கின்றன.

மணலைத் தார்ப்பாயால் மூடுங்கள். எதிர்ப்புறம் நிழலில் ஒரு தொட்டித் தண்ணீர் வைத்தால் அங்கே நகரும். குட்டி போட்ட தாய் இருந்தால் சில வாரம் பொறுங்கள், குட்டியை எடுக்கப் போகாதீர்கள். யாரையாவது கடித்துவிட்டால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே அரசு மருத்துவமனையில் ஊசி போட்டுக்கொள்ளுங்கள்.

குழந்தைகள் அதே மண்ணில் விளையாடலாமா?

நாய்க்குக் குடற்புழு மருந்து தவறாமல் கொடுத்திருந்தால், மலத்தை அன்றாடம் அள்ளியிருந்தால் கவலை குறைவு. கொக்கிப்புழுவின் இளம்புழு ஈர மணலில் உயிரோடு இருக்கும், வெறுங்காலில் மிதித்தால் தோலுக்குள் புகுந்து அரிக்கும் கோடுகளாகத் தெரியும். செருப்பு போடச் சொல்லுங்கள். எலிச் சிறுநீர் கலந்த தேங்கிய தண்ணீரிலிருந்து எலிக்காய்ச்சல் வரும், நாய்க்கும் வரும், மனிதருக்கும் வரும். நாயின் வருடாந்தரத் தடுப்பூசியில் அதுவும் சேர்ந்திருக்கிறதா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

தோண்டுவதோடு மண்ணையும் தின்கிறது.

ஒரு வாய் நக்குவதைப் பற்றிக் கவலை வேண்டாம். தினமும் தின்றால் ஈறையும் கண்ணின் உள் இமையையும் பாருங்கள். வெளுத்திருந்தால் ரத்தசோகை. குடற்புழுவாலும் உண்ணிக் காய்ச்சலாலும் அது வரும், நம் பக்கம் இரண்டுமே சாதாரணம். காது மடிப்பிலும் விரலிடுக்கிலும் உண்ணி இருக்கிறதா என்று தேடிவிட்டு, மலத்தைச் சின்ன டப்பாவில் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். ரத்தப் பரிசோதனை ஒன்றும் எழுதித் தருவார். மணல் தின்ற நாய் வாந்தி எடுத்து, வயிறு உப்பி, மலம் போகாமல் இருந்தால் குடல் அடைத்திருக்கலாம். அதற்கு மறுநாள் வரை காத்திருக்க வேண்டாம்.